பெருந்தெருச் சந்தியின் புனரமைப்பு

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனுக்கு அருகே, வேர்ஜீனியா மாநிலத்து ஸ்பிறிங்பீல்டில், 95, 395, 495 என்னும் எண்களுடைய மூன்று பெருந்தெருக்கள் கூடுகின்றன. தொலைதூர வாகனங்களும் அயலூர் வாகனங்களும் சிறிது தூரத்துள்ளேயே ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தடம் மாறவேண்டியிருந்தமையால், முன்னர் அங்கே விபத்துக்கள் மலிந்திருந்தன.

1999இல் புனரமைப்புத் தொடங்கிற்று. நாள்தோறும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் செல்லும் சந்தியை மூடிவைத்தல் இயலாது. ஆதலின், முதலிற் புதுப்பாலம் எழும். போக்குவரத்து அதன்மேல் திருப்பப்படும். அதன் பின்னரே பழைய பாதை இடிக்கப்படும். இவ்வாறு படிப்படியாக 50க்கு மேற்பட்ட பாலங்கள் எழுந்தன. தொலைதூரப் போக்குவரத்தும் உள்ளூர்ப் போக்குவரத்தும் வெவ்வேறு தடங்களிற் பிரிக்கப்பட்டன.

வேலை நடக்குங்கால் வழி அடிக்கடி மாறும். மாற்றத்தை அறியாத சாரதி தானும் இடருற்றுப் பிறர்க்கும் இடர் விளைப்பான். இதனை உணர்ந்த அதிகாரிகள், அவ்வூர்க் கடைத்தொகுதியிலே தகவல் நிலையமொன்றைத் திறந்து, வேலையின் முன்னேற்றத்தை மக்களுக்கு விளக்கி வந்தனர்.

ஏறத்தாழ 67 கோடி டொலர் செலவில், 2007இல் பணி நிறைவெய்தியது. மக்கள் எட்டாண்டுகள் பொறுத்திருந்தமைக்கு, நாளை எவ்வழி மூடும், எவ்வழி திறக்கும் என்பதை இன்றே அறிய வாய்ப்பிருந்தமையும் ஒரு காரணம் எனலாம்.