வளைந்த விரல்களும் வளையாத உறுதியும்

உங்கள் வலக்கை விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவும் எவ்வளவு எளிதாக அசைகிறது! மூட்டின் உட்புறம் அமைந்துள்ள மெல்லிய சவ்வு ஒன்று வழவழப்பான திரவத்தைச் சுரப்பதே இதற்கு ஒரு காரணம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் வழிதவறி, இந்தச் சவ்வையே பகைவனாகக் கருதித் தாக்கினால் என்ன ஆகும்? சவ்வு வீங்கும், குருத்தெலும்பு அரிக்கப்படும், நாளடைவில் விரல்கள் கோணிப் போகும். இதுவே முடக்குவாதம்.

இந்நோய் ஓர் இளம் மருத்துவரைப் பீடித்தது. அவர்தாம் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-இல் பிறந்த அவர், 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் நோய் முற்றியதால் 1948-இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுநாள் படுக்கையில் கிடந்தார். முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் மருந்து முதன்முதலாக அமெரிக்காவில் கொடுக்கப்பட்டதே அந்த ஆண்டில்தான் என்றால், அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய விரல்கள் பழையபடி நிமிர்ந்தனவா? இல்லை. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. மீண்டு வருதல் என்பது எப்போதும் பழைய நிலைக்குத் திரும்புவதன்று. மாறிய நிலையில் புதுவழி காண்பதும் மீட்சியே. மகப்பேறு மருத்துவம் கைகூடாது என்று கண்டதும் அவர் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, 1951-இல் அதில் பட்டயம் பெற்றார். கண் அறுவையில் கைவலிமையைவிட நுட்பமான சிறு அசைவுகளே முக்கியம். தம் வளைந்த விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் படிப்படியாகப் பழகினார்.

இத்தகைய பயிற்சி எவ்வாறு பலன் தருகிறது? நம் மூளையில் கைக்கென ஒரு பகுதி உண்டு. அது கல்லில் வெட்டிய எழுத்தன்று. குரங்குகளின் விரல்களுக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தபோது, அவ்விரல்களுக்குரிய மூளைப்பகுதி விரிவடைவது தெரியவந்தது. பழக்கம் மூளையின் இணைப்புகளையே மாற்றியமைக்கிறது.

மனத்திற்கும் இதுபோன்ற ஒரு விதி உண்டு. ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலறிஞர் 1977-இல் வெளியிட்ட கருத்துப்படி, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையை வலுவாக வளர்ப்பது பிறர் கூறும் ஊக்கமொழியன்று. நாமே செய்துமுடித்த செயல்தான். ஆகவே பெரிய இலக்கைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஏறுவதே அறிவுடைமை.

டாக்டர் வெங்கடசாமி ஏறிய படிகளைப் பாருங்கள். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். சுற்றுப்புறக் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். ஓய்வு பெற்றபின், 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் உறவினரும் தோள் கொடுத்தனர். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகள் பலர் கட்டணமின்றி ஒளி பெற்றனர். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் உருவாக்க 1992-இல் ஆரோலேப் தொழிற்கூடமும் எழுந்தது. 2006-இல் மறைந்த அவர், தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர்.

அப்படியானால் மன உறுதி ஒன்றே போதுமா? போதாது. கற்பிக்க ஆசிரியர், கைக்கேற்ற கருவி, துணைநிற்கும் சுற்றம், பணிபுரிய வாய்ப்பு ஆகிய யாவும் சேர்ந்தே ஒருவரைத் தூக்கி நிறுத்துகின்றன. எனவே வீழ்ந்தவரைப் பார்த்து "உனக்கு உறுதி போதாது" என்று பழிப்பது அறிவியலுக்குப் பொருந்தாது.

தேர்வில் தோல்வியோ, பயிர் இழப்போ, நோயோ உங்களைத் தாக்கினால், முதலில் சில நாட்கள் வருந்துவது இயற்கையே. பின்னர் இழந்தது எது, எஞ்சியிருப்பது எது என்று எழுதிப் பாருங்கள். எஞ்சியதைக் கொண்டு இன்றே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைத் தொடங்குங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உறக்கமும் பசியும் கெட்டு, சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகத் தயங்காதீர்கள். மூட்டுவலிக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. மனவலிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?