வாரங்களில் வளர்ந்த ஒளி
(கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் உருவான விதம்)

புதிய கருவி ஒன்று இயங்கிய செய்தியை நாளேட்டில் படிக்கும்போது, அஃது அன்றே பிறந்தது போன்ற எண்ணம் நமக்கு எழுவது இயல்பு. 'இன்ன நாளில் ஒளிர்ந்தது' என்னும் ஒரு வரிக்குள் பல்லாண்டு உழைப்பு மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள ஜெஃபர்சன் ஆய்வகத்தில், 1998ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் முதன்முதலாக ஒளிர்ந்தது. அம்மாதத்திலேயே அது தந்த ஆற்றல் 155 வாட். 2006ஆம் ஆண்டு அக்டோபரில் அதே ஆய்வகத்தின் மேம்பட்ட கருவி 14 கிலோவாட்டைத் தாண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நானூறு வாரங்களுக்கு மேல் கழிந்தன. வாரந்தோறும் பணிநிலையைக் குறித்து வைப்பது இத்தகைய ஆய்வகங்களின் வழக்கம். அவ்வாரங்களில் என்னதான் நடந்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கருவியின் அடிப்படையை அறிதல் வேண்டும். 1960இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு உருவாக்கிய முதல் லேசர் முதல், இன்று கடைகளில் விலைப்பட்டியைப் படிக்கும் சிறு லேசர் வரை யாவும் பொருளுக்குள் கட்டுண்ட எலெக்ட்ரான்களைக் கொண்டே ஒளி தருகின்றன. ஆதலால் அவ்வொளியின் நிறத்தை அப்பொருளே முடிவு செய்கிறது. மாணிக்கம் சிவப்பைத் தரும். அதனிடம் பச்சையைக் கேட்டுப் பயனில்லை. எலெக்ட்ரானை அணுவிலிருந்து விடுவித்து, வெற்றிடத்தில் விரையச் செய்து, அதனிடமிருந்தே லேசர் ஒளியைப் பெறலாம் என்று 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் மேடி கணித்துக் காட்டினார். 1977இல் அவரும் அவருடைய குழுவினரும் அதனைச் செயலிலும் காட்டினர்.

ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் எலெக்ட்ரான் கற்றை, வடமுனையும் தென்முனையும் மாறி மாறி அமைந்த காந்த வரிசையினூடே செலுத்தப்படுகிறது. எலெக்ட்ரான்கள் பாம்பு நெளிவது போல் இடமும் வலமும் வளைந்து செல்கின்றன. வளையுந்தோறும் ஒளியை உமிழ்கின்றன. ஜெஃபர்சன் ஆய்வகத்தின் முதற்கருவியில் ஒரு நெளிவின் நீளம் 2.7 சென்டிமீட்டர். ஆனால் வெளிவந்த ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 5 மைக்ரான். சென்டிமீட்டர் எவ்வாறு மைக்ரான் ஆயிற்று? சார்பியல் கொள்கையின்படி, விரையும் எலெக்ட்ரானுக்கு அக்காந்த வரிசை சுருங்கித் தோன்றும். எலெக்ட்ரான் தன் ஒளியைத் தானே துரத்திக்கொண்டு வருவதால், நமக்கு எதிரே வரும் அலை மேலும் நெருக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மடங்கு சுருக்கிவிடுகின்றன. கற்றையின் ஆற்றலைக் கூட்டினால் அலைநீளம் குறையும். வானொலிப் பெட்டியில் குமிழைத் திருப்பி நிலையத்தை மாற்றுவது போல் ஒளியின் நிறத்தை மாற்றலாம் என்பதே இக்கருவியின் தனிச்சிறப்பாகும்.

இவ்வொளி லேசர் ஆவதற்கு மற்றொன்றும் நிகழ வேண்டும். கரைவலை இழுப்போர் 'ஏலேலோ' என்னும் குரலுக்கு ஒன்றுபட்டு இழுக்கும்போது வலை எளிதில் கரையேறும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. இங்குக் குரல் கொடுப்பது ஒளியே. இரு முனைகளிலும் உள்ள கண்ணாடிகளுக்கிடையே சென்று மீளும் ஒளி, எலெக்ட்ரான்களை மெல்லிய அடுக்குகளாகத் திரளச் செய்கிறது. திரண்டபின் அவை ஒரே தாளத்தில் உமிழ்கின்றன. ஒளி பன்மடங்காகப் பெருகுகிறது.

கொள்கை இவ்வளவே. இனி வாரங்களுக்கு வருவோம்.

பணியின் பெரும்பகுதி தூசியோடு நடத்திய போர் எனலாம். எலெக்ட்ரான்களை முடுக்குவதற்கு நையோபியம் என்னும் உலோகத்தாலான குழிவறைகள் பயன்படுகின்றன. அவற்றை 2 கெல்வின் அளவுக்கு, அதாவது சுழியத்திற்குக் கீழே 271 செல்சியஸ் அளவுக்கு, நீர்ம ஹீலியத்தால் குளிர்வித்தால் மின்தடை ஏறக்குறைய முற்றிலும் மறையும். ஆயினும் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் ஒட்டியிருந்தாலும், வலிய மின்புலத்தில் அது வேண்டாத எலெக்ட்ரான்களைக் கக்கி, குழிவறையின் திறனையே கெடுத்துவிடும். எனவே அமிலத்தால் அரித்தல், மிகத் தூய நீரை உயரழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுதல், தூசியற்ற அறையில் கோத்தல், குளிர்வித்துச் சோதித்தல் என வேலை நீளும். சோதனையில் தவறினால் மீண்டும் கழுவல்தான்.

எலெக்ட்ரான்களைப் பிறப்பிக்கும் துப்பாக்கியின் கதையும் இத்தகையதே. சீசியம் பூசப்பட்ட காலியம் ஆர்சனைடு வில்லையின்மேல் ஒரு சிறு லேசரின் துடிப்புகள் விழ, எலெக்ட்ரான்கள் புறப்படுகின்றன. 350 கிலோவோல்ட் மின்னழுத்தம் அவற்றை முன்தள்ளுகிறது. இவ்வழுத்தத்தை ஒரே மூச்சில் ஏற்ற இயலாது. சிறிது சிறிதாக ஏற்றி, பொறி பறந்தால் இறக்கி, மீண்டும் ஏற்றிப் பழக்க வேண்டும். வெற்றிடத்தில் எஞ்சியுள்ள வாயு மூலக்கூறுகள் அயனிகளாகித் திரும்பிவந்து தாக்குவதால் வில்லை நாளடைவில் சோர்ந்துவிடும். அதற்குச் சீசியத்தைப் புதிதாகப் பூச வேண்டும். இவ்வகைப் பணிகள் எவையும் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

கண்ணாடிகளைப் பொருத்துவது நுண்மையின் உச்சம். முதற்கருவியில் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு 8 மீட்டர். ஒளித் துடிப்பு சென்று மீளும் அதே கணத்தில் அடுத்த எலெக்ட்ரான் திரளும் காந்த வரிசையின் வாயிலை அடைய வேண்டும். எட்டு மீட்டரில் சில மைக்ரான் பிசகினாலும் குரலும் இழுப்பும் ஒன்றுபடா.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பெருங்குறை எஞ்சியிருந்தது. காந்த வரிசையைக் கடக்கும் எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒளியாகத் தருகின்றன. 48 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் 5 மில்லியாம்பியர் மின்னோட்டமும் உடைய கற்றையின் திறன் 240 கிலோவாட். 1999 ஜூலையில் இக்கருவி எட்டிய உச்ச ஒளித்திறனோ 1.72 கிலோவாட். எஞ்சியதை உலோகக் கட்டியில் மோதவிட்டு வீணாக்குவதா? நூறு குடம் இறைத்து ஒரு குடத்தை மட்டும் பயிருக்குப் பாய்ச்சும் உழவரை நாம் என்ன சொல்வோம்?

இதற்கான விடையை 1965ஆம் ஆண்டிலேயே மௌரி டிக்னர் என்னும் அறிஞர் எடுத்துரைத்திருந்தார். பயன்பட்ட கற்றையை வளைத்துத் திருப்பி, அதே முடுக்கிக்குள், அலையின் எதிர்க்கட்டத்தில் நுழையச் செய்தால் எலெக்ட்ரான்கள் வேகம் குறையும். அவை இழக்கும் ஆற்றல் குழிவறைக்கே திரும்பும். புதிதாக வரும் எலெக்ட்ரான்களை அவ்வாற்றலே முடுக்கும். ஜெஃபர்சன் ஆய்வகத்தார் இதனை லேசருடன் இணைத்து உயர் திறனில் நடத்திக் காட்டினர். திரும்பிய கற்றை ஏறத்தாழ 10 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அளவிலேயே முடிவிடத்தை அடைந்ததால், அங்கு எழும் கதிரியக்கமும் வெகுவாகக் குறைந்தது. முதல் ஒளியைவிட இந்த ஆற்றல் மீட்பே அவர்களுடைய தலையாய சாதனை என்பது என் கருத்து.

எனினும் மீட்பு புதிய இடையூறு ஒன்றையும் கொணர்ந்தது. மேம்பட்ட கருவியில் மின்னோட்டம் ஓரளவைத் தாண்டியதும் கற்றை நிலைகுலைந்தது. முதற்சுற்றில் குழிவறை தந்த சிறு தள்ளல், கற்றை இரண்டாம் சுற்றில் வரும்போது விலகலாக வளர்ந்து, அக்குழிவறையையே மேலும் அதிரச் செய்தது. சாய்த்து வைத்த காந்தங்களால் கற்றையின் கிடை அசைவைச் செங்குத்தாகவும் செங்குத்து அசைவைக் கிடையாகவும் மாற்றியபோது அவ்வதிர்வு அடங்கியது. மின்னோட்டத்தைக் குறைத்துத் தப்பிக்காமல், கற்றையைத் திருப்பிப் போட்டுத் தீர்த்த இவ்வுத்தி சுவையானது.

வேறொரு தொல்லை பரிசாகவே வந்தது எனலாம். நெருங்கித் திரண்ட எலெக்ட்ரான்கள் வளைவுகளில் திரும்பும்போது, அகச்சிவப்புக்கும் நுண்ணலைக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்சு கதிர்கள் பெருமளவில் வெளிப்பட்டன. ஏறத்தாழ 20 வாட் அளவில் அவை கிடைத்ததை 2002இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டபோது, அது பெருவியப்பாகப் பேசப்பட்டது. ஆனால் மேம்பட்ட கருவியில் அதே கதிர்கள் லேசரின் கண்ணாடியைச் சூடாக்கி அதன் வடிவைக் கெடுத்தன. அவற்றைக் கண்ணாடியை அடையாமல் தடுக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. வெப்பத்தின் தொல்லை எளிதன்று. வெளிவரும் ஒளி 10 கிலோவாட் எனில் கண்ணாடிகளுக்கிடையே உலவுவது அதன் பன்மடங்கு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி உறிஞ்சினாலும் அஃது உப்பி, ஒளி குலையும். 2004 ஜூலையில் 10 கிலோவாட்டை எட்டியது இத்தடைகளோடு போராடித்தான்.

இவ்வளவு உழைப்புக்கும் பொருள் தந்தவர் யாவர் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பங்கு அமெரிக்கக் கடற்படையினுடையது. கப்பலை நோக்கி வரும் ஏவுகணையை ஒளியால் வீழ்த்துவது அவர்தம் எண்ணம். ஈரம் மிகுந்த கடற்காற்றை ஊடுருவும் நிறத்தைத் தேர்ந்துகொள்ள இவ்வகை லேசரே ஏற்றது எனக் கருதினர். நெகிழிப் பரப்புகளைப் பதப்படுத்த விரும்பிய தொழில் நிறுவனங்களும் தொடக்கத்தில் ஆர்வம் காட்டின. ஆய்வாளர்களோ கரி நுண்குழாய் செய்வது, தோலுக்குப் பெருந்தீங்கின்றி அதன் கீழுள்ள கொழுப்பை மட்டும் சூடாக்கும் அலைநீளத்தைத் தேடுவது போன்றவற்றுக்கும் அதனைப் பயன்படுத்தினர். 2014இல் அமெரிக்கக் கடற்படை 'போன்ஸ்' கப்பலில் நிறுவிய லேசர் ஆயுதம், உலோகங்களை ஒட்டவைக்கும் ஆலைகளில் பயன்படும் இழை லேசர்களால் ஆனது. கட்டடம் அளவு இடம் கேட்கும் கருவியைக் கப்பலில் ஏற்றும் கனவு கைவிடப்பட்டது. ஆயுதம் ஆகாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கைவந்த திறன் வீண்போகவில்லை. கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகம், எக்ஸ் கதிர் தரும் கட்டற்ற எலெக்ட்ரான் லேசரை மீக்கடத்தி முடுக்கியுடன் புதுப்பித்தபோது, அதற்கான குளிர்கலங்களை ஜெஃபர்சன், ஃபெர்மி ஆய்வகங்கள் இரண்டும் செய்தளித்தன. பழைய லேசர் நின்ற கட்டடத்திலேயே அக்கலங்களுள் சில குளிர்வித்துச் சோதிக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் அக்கருவி முதல் எக்ஸ் கதிரைத் தந்தது. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகள் வரை தருமாறு அமைக்கப்பட்ட அதன் குழிவறைகளும் நையோபியத்தால் ஆனவையே. அவையும் தூசியற்ற அறையில் கழுவிக் கோக்கப்பட்டவையே.