கொடை மலையில் எங்கே உண்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்களின் பேச்சு வட்டி விகிதத்தை விட்டு விடுமுறைப் பயணத்துக்குத் தாவிவிடுகிறது. ஜனக்புரியிலும் அதையொட்டிய விகாஸ்புரி, திலக் நகர்ப் பகுதிகளிலும் வாழும் நம்மவர்களில் பலர், ஊருக்குச் செல்லும்போது இரண்டு மூன்று நாள்களைக் கொடைக்கானலுக்கு என ஒதுக்குகின்றனர். 'அங்கே எங்கே சாப்பிடலாம்?' என்பதே அவர்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி. தங்குமிடம் குறித்துக் கேட்பவர்கள்கூட அவ்வளவு இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னே ஓர் ஆதங்கம் இருக்கிறது. சென்று வந்தவர்கள் சொல்வது இதுதான்: ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் பயணம் செய்து, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி மேலே போய் அமர்ந்தால், கையில் தரப்படும் உணவுப் பட்டியலில் பனீர் பட்டர் மசாலாவும் தந்தூரி ரொட்டியும் முன்னே நிற்கின்றன. மேற்கு தில்லியில் குடியிருப்பவருக்கு இவற்றைத் தேடி மலையேற வேண்டிய தேவை என்ன? திலக் நகர்ச் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அது மட்டுமன்று. இங்கே பிறந்து தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தென்னக உணவு என்றால் தோசையும் சாம்பாரும்தான். இரண்டாண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் மூன்று நாள்களிலும் அவர்கள் வேறொன்றை அறியாமல் திரும்பினால், அதற்காகச் சேமித்த பணம் பாதிப் பயனையே தந்ததாகக் கொள்ள வேண்டும்.

எங்கள் விடை எளிது. கொடைக்கானலில் உணவகத்தின் பெயரைத் தேடுவதற்கு முன், அந்த மலையில் என்ன விளைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த விளைச்சலைத் தென்னகக் கைப்பக்குவத்தில் சமைத்துத் தரும் இடம் எதுவோ, அது தகரக் கூரையிட்ட கடையாக இருப்பினும், அங்கே உண்ணுங்கள்.

விளைச்சல் எனும்போது முதலில் நிற்பது மலைப்பூண்டு. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை ஆகிய மேல்மலை ஊர்களின் படிக்கட்டு வயல்களில் பயிராகிறது. ஆண்டுக்கு இரு போகம். அறுவடையான பூண்டைப் புகைமூட்டம் இட்டுப் பதப்படுத்தி வைப்பது மலையக வழக்கம். அதனால் நெடுநாள் கெடாது. காரமும் மணமும் சமவெளிப் பூண்டைவிட ஒரு படி மேல். இங்கே விளைவதில் பெரும்பங்கு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விலை ஏறுவதும் விழுவதும் அங்கேதான் முடிவாகிறது. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிப் பயிரிட்ட சிறு விவசாயிக்கு ஒரு போகத்தின் விலைச்சரிவு என்ன செய்யும் என்பதை வங்கித் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயலின் அருகிலேயே அப்பூண்டு குழம்பாகவும் தொக்காகவும் இலைக்கு வருமானால் அவருக்கு இன்னொரு வாசல் திறக்கிறது. எனவே, எதைத் தருவியுங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்பது சிறிய செய்தியன்று.

பூண்டுக்கு அடுத்து பட்டர் பீன்ஸ், உருளைக்கிழங்கு, கேரட், சௌசௌ. கீழ்மலையில் மலைவாழையும் மிளகும் காப்பியும் வெண்ணெய்ப் பழமும் விளைகின்றன. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்குத் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு மூலம் அந்த மலைவாழை. கோடையில் பிளம்ஸ், அதைத் தொடர்ந்து பேரிக்காய். இவற்றோடு இந்த ஊருக்கென வேறொரு மரபும் சேர்ந்திருக்கிறது. 1845இல் அமெரிக்க மதப்பணியாளர்கள் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கே வீடு கட்டத் தொடங்கினர்; 1901இல் அவர்கள் பிள்ளைகளுக்கான பள்ளி ஏற்பட்டது. ரொட்டி, கேக், பழக்கூழ் எல்லாம் அந்த வழியில் வந்து வேரூன்றியவை. பின்னர் திபெத்தியர்கள் வந்தனர், மோமோவும் வந்தது. ஆகவே கொடைக்கானலில் 'கலப்பு' என்பது நேற்றைய நாகரிகம் அன்று.

தென்னக உணவில் புதுமை என்றவுடன் இன்று பலரும் பெருநகர விடுதிகளையே நினைக்கிறார்கள். சென்னை ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் 2017இல் தொடங்கிய 'ஆவர்த்தனா' தெளிந்த தக்காளி ரசத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறிப் பெயர் பெற்றது. நியூயார்க்கின் 'செம்ம' உணவகம் 2022இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது; அதன் தலைமைச் சமையற்கலைஞர் விஜய் குமாருக்கு 2025இல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அவர் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்தவர். கொடைக்கானலும் அதே மாவட்டம்தான். வயல் நத்தையைப் பிரட்டி நியூயார்க்கில் பரிமாறும் அவர் செய்திருப்பது என்ன? தம் ஊர் ஏழை வீட்டு அடுப்பில் இருந்ததை மறைக்காமல் மேசைக்குக் கொண்டுவந்ததுதான். (சைவ உணவினர் இந்த எடுத்துக்காட்டைப் பொறுத்தருள்க.) தோசையின் மேல் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு விலையை இரட்டிப்பாக்குவதைப் புதுமை என்று எங்களால் ஏற்க முடியவில்லை. பட்டர் பீன்ஸைப் புளிக்குழம்பில் இட்டு, மலைப்பூண்டை முழுப் பல்லாக வேகவிட்டு, சௌசௌவின் தோலையும் வீணாக்காமல் துவையலாக அரைத்து வைக்கும் ஓர் இல்லத்தரசியின் கையில்தான் அது இருக்கிறது.

நகருக்குள் எங்கே போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காலைச் சிற்றுண்டிக்கும் நண்பகல் சாப்பாட்டுக்கும் அண்ணா சாலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய அஸ்டோரியா போன்ற சைவ உணவகங்கள் போதும். பி.டி. சாலையில் கஃபே காரியப்பா சிறிய இடம். உள்ளூரில் விளைந்த காப்பியும் கேரட் கேக்கும் அதன் சிறப்பு. அதே சாலையில் டிபெட்டன் பிரதர்ஸ், விறகடுப்பு ரொட்டிகளுக்குப் பெயர் பெற்ற கிளவுட் ஸ்ட்ரீட் ஆகியவை உள்ளன. வட்டக்கானலில் டால்ஃபின் மூக்குப் பாறைக்குச் செல்லும் பாதையில் அல்தாஃப் கஃபே மேற்காசிய உணவுகளைத் தருகிறது. இவற்றில் பெரும்பாலானவை தென்னகச் சமையல் அல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கொடையில் செய்த பாலாடைக்கட்டியையும் மலைக் காப்பியையும் சுவைக்க இவை நல்ல இடங்கள். மலை ஊர்க் கடைகள் இடமும் நேரமும் மாற்றிக்கொள்வதுண்டு. கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நலம்.

காலை இட்லியைப் பற்றி ஒரு சொல். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் பருப்பும் பயறும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாத அடுப்பில் அவசரப்பட்டுச் செய்த சாம்பார் கடிபடும். மாவும் குளிரில் எளிதில் புளிக்காது. ஜனவரி மாதத்து ஜனக்புரியில் மாவுப் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கோடையிலும் இரவில் ஏறக்குறைய அதே பாடுதான். முதல் நாள் நண்பகலிலேயே ஆட்டி அடுப்பின் அருகில் வைப்பவர் யார், சோடா உப்பைக் கொட்டுபவர் யார் என்பதை முதல் இட்லியே சொல்லிவிடும். ஆனால் அந்த 93 டிகிரி காப்பிக்கு உகந்த சூடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் தூள் கருகிக் கசக்காது. மலையில் குடிக்கும் டிகாக்ஷன் காப்பி நன்றாக இருப்பதாகத் தோன்றுவது குளிரால் மட்டும் அன்று.

நாங்கள் மனமாரப் பரிந்துரைப்பது நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள பூம்பாறையும் அதற்கப்பாலுள்ள ஊர்களும். குழந்தை வேலப்பர் கோயிலைத் தரிசித்துவிட்டுப் பெரும்பாலோர் வண்டியைத் திருப்பிவிடுகின்றனர். திருப்ப வேண்டாம். இப்பகுதியில் ஹோம்ஸ்டே எனப்படும் இல்லத் தங்குமிடங்கள் பெருகியுள்ளன. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் வீட்டுச் சாப்பாடு சமைத்து வைப்பார்கள். அப்போது 'என்ன இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். தில்லிக் குரலைக் கேட்டவுடன் சப்பாத்தி, குருமா என்றுதான் விடை வரும். 'உங்கள் வீட்டில் நாளைக்கு என்ன குழம்பு?' என்று கேளுங்கள். பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்தக் கேள்விக்குத்தான் வரும். பிளம்ஸ் காலமாயின் அதில் பச்சடி செய்யத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். எங்கள் வாடிக்கையாளரான ஓர் ஆசிரியை தம் மகளை அழைத்துச் சென்று வயலில் பூண்டு பிடுங்க வைத்து, அதையே அன்று மதியம் குழம்பில் போடச் சொன்னாராம். வீட்டில் பூண்டை ஒதுக்கி வைக்கும் அந்தப் பெண் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டதாகச் சொன்னார்.

மலையிறங்கும்போது கீழ்மலை வழியாக வர இயலுமாயின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டப் பகுதிகளைப் பார்த்துவிட்டு வரலாம்; தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அடிவாரத்தில் அசைவ உணவினர் திண்டுக்கல்லைத் தவறவிட மாட்டார்கள். 1957இல் அங்கே ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய சிறிய கடையே பிற்காலத் தலப்பாக்கட்டி. சீரகச் சம்பா அரிசிப் பிரியாணியைத் தில்லியின் பாஸ்மதிப் பிரியாணியோடு ஒப்பிட்டு வாதம் செய்யப் பயணத்தின் எஞ்சிய நேரம் போதும்.

காலத்தைத் தேர்வதில் தில்லிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூன் முற்பகுதியில் திறந்துவிடுகின்றன. தில்லியிலோ விடுமுறை ஜூன் இறுதிவரை நீள்கிறது. மே மாத மலர்க் கண்காட்சி நெரிசல் ஓய்ந்த பின், ஜூன் இரண்டாம் வாரத்தில் செல்பவர்களுக்குச் சமையற்காரர் நின்று பேசவும் நேரம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. நடப்பாண்டு விதியைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அங்கே பசுமை வரி உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். ரயிலில் செல்வோருக்கு ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டியும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் திண்டுக்கல்லில் நிற்கின்றன.

பணம் குறித்தும் சொல்ல வேண்டும், அது எங்கள் தொழில். நகரில் யு.பி.ஐ. எங்கும் செல்லும். பூம்பாறைக்கு அப்பால் கைப்பேசித் தொடர்பு விட்டு விட்டே கிடைக்கும். நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். விடுமுறைக் காலத்தில் இல்லாத தங்குமிடங்களின் பெயரால் முன்பணம் பறிக்கும் மோசடிகள் நடக்கின்றன. அழகிய படங்களை அனுப்பி, உடனே கியூ.ஆர். குறியீட்டில் பாதித் தொகையைச் செலுத்தச் சொல்பவரிடம் பொறுமையாக இருங்கள். முன்பு தங்கியவர் எவரிடமாவது விசாரியுங்கள், அல்லது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியை அதன் இணையதளத்திலேயே பதிவு செய்யுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடச் சொன்னால் இடாதீர்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். எங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

திரும்பும்போது பூண்டு வாங்காமல் வராதீர்கள். நகரச் சாலையோரத்தில் மலைப்பூண்டு என்ற பெயரில் விற்பவை எல்லாம் மலைப்பூண்டு அல்ல. கூடுமானவரை பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தில் விளைவித்தவரிடமே வாங்குங்கள். தாளோடு கட்டாக இருப்பது நல்லது. லேசான புகை மணம் இருந்தால் இன்னும் நல்லது. ரயிலில் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் துணிப்பையில் காற்றாடக் கொண்டுவந்து, சமையலறையில் ஈரமில்லாத இடத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்துக்கும் ஒரு கட்டுக் கொடுங்கள். அவர்கள் அதைத் தால் தாளிப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது தாமே வந்து சொல்லி அனுப்புவார்கள்.