உங்களுக்குத் தெரியுமா? கல்லான மரம்

பெரம்பலூர்ப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்களா? ரஞ்சன்குடிக் கோட்டை திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். சாத்தனூரைத்தான் தேடிப் போக வேண்டும். அவசியம் போங்கள். அங்கே 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அன்று இந்தப் பக்கமெல்லாம் கடல். வெள்ளம் அடித்துவந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்தது. அது மட்குவதற்குள், நீரில் கரைந்திருந்த சிலிக்கா நுண்ணறைகளில் இறங்கி இறுகிவிட்டது. 1940இல் இதை அடையாளம் கண்டவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன்.

அருகிலுள்ள காரை மண்மேடுகளில் சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளும் சுறாப் பற்களும்கூடக் கிடைத்திருக்கின்றன. கண்ணில் பட்டால் படம் எடுங்கள், பையில் போடாதீர்கள்: கிடந்த இடம் தெரியாத புதைபடிவத்தால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு.