யாளி வாய்க்குள் உருளும் கல் தெரியுமா?

சேலம் பக்கத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கிறது, தெரியுமா? விரலால் தள்ளினால் உருளும்; வெளியே மட்டும் வராது! எங்கேயோ செய்து உள்ளே திணித்ததல்ல. யாளியைச் செதுக்கிய அதே கல்லில், பல்வரிசைக்குப் பின்னால் உளியை விட்டுக் குடைந்தே உருண்டையைப் பிரித்திருக்கிறார்கள்.

கெட்டி முதலிகள் இந்தச் சீமையை ஆண்ட 17-ஆம் நூற்றாண்டுத் திருப்பணி இது. அதே நூற்றாண்டில்தான், 1622க்கும் 1625க்கும் இடையே, ரோமில் சிற்பி பெர்னினி, கிரேக்கப் புராணத்தில் மரமாக மாறும் பெண்ணான டாஃப்னியின் விரல்நுனிகளை இலைகளாகத் துளிர்க்க வைத்துக்கொண்டிருந்தார். உலகமே வாய்பிளக்கும் சிற்பம்தான்! ஆனால் அவருக்குக் கிடைத்தது சலவைக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் 3. நம் சிற்பிகள் மல்லுக்கட்டிய கருங்கல்லில் இருக்கும் கனிமங்களோ 6, 7!

இன்னும் கேளுங்கள். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். வேறொரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். ராமர் பக்கம் நின்றால் வாலி கண்ணுக்கு நேரே தெரிகிறான். வாலி பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள், ராமரைக் காணோம்! மறைந்து நின்று அம்பு விட்ட கதையைச் சிலையில் மட்டுமா சொன்னார்கள்? தூணுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்திலும் அல்லவா செதுக்கியிருக்கிறார்கள்! பார்ப்பவர் நிற்கும் இடத்தையே படைப்புக்குள் இழுத்துப்போட்ட ஓவியம் என்று ஸ்பெயின் நாட்டு வெலாஸ்குவெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த ஓவியத்தின் கண்ணாடியில் தெரியும் ராஜாவும் ராணியும் நாம் நிற்கும் இடத்தில்தான் நிற்பதுபோலத் தோன்றும்! தாரமங்கலத்துத் தூண்களுக்கும் அத்தனை புத்தகங்கள் தகும் என்பேன்.

வெளிச்சத்தையும் விடவில்லை. மேற்குப் பார்த்த கோயில் இது. மாசி 9, 10, 11 தேதிகளில் மாலை வெயில் வாசல்களைத் தாண்டி உள்ளே போய் லிங்கத்தின் மேல் விழுகிறது! பெர்னினி தன் புனித தெரசா சிலைக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் ஒரு ஜன்னல் வைத்து வெளிச்சத்தை இறக்கினார். இங்கே சூரியனே நாள் குறித்து வருகிறான்.

அப்படியே நாமக்கல் போவோம். மலையடிவாரத்துக் குடைவரையில் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மரைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆவேசத்தைப் பார்த்தால் இத்தாலியரான கரவாஜியோவின் ஓவியங்கள் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இது 8-ஆம் நூற்றாண்டு வேலை, அவருக்கு 800 வருஷம் முந்தியது!

எதிரே நிற்கும் ஆஞ்சநேயர் 18 அடி. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை ஏறத்தாழ 17 அடி! வெயிலும் மழையும் பட்டுச் சேதமாகிறதே என்று 1873இல் தாவீதைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பிளாரன்ஸ் சதுக்கத்தில் இப்போது நிற்பது நகல். நம் ஆஞ்சநேயருக்கு மேலே இன்றைக்கும் கூரையே கிடையாது!