ரோமாபுரிக் கதைகளும் மலைநாட்டு இளைஞரும்

கொத்மலைப் பள்ளத்தாக்கு சரித்திரக் கதைகளுக்குப் புதியதன்று. துட்டகைமுனு மன்னன் இளவரசனாக இருந்த காலத்தில், தந்தையின் சினத்துக்கு அஞ்சி அம்மலைகளிலே மறைந்து வாழ்ந்தான் என்று அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மகாவலித் திட்டத்தின் கீழ்க் கொத்மலை அணை 1985ஆம் ஆண்டில் நிறைவு பெற்றபோது, பழைய ஊர்களும் விகாரைகளும் நீருள் மறைந்தன, கதை மறையவில்லை. ஆயினும், அதே பள்ளத்தாக்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளரும் தமிழ்ச் சிறுவனுக்கு அக்கதையில் தன் முன்னோர் எவரும் தென்படுவதில்லை. தன் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக் கன்றோடு தொடங்குவதாகத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோருட் பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்தவர் சிறுபான்மையினர். எனினும், மரத்திலே கட்டுண்டு, மேனியெங்கும் அம்புகள் தைத்து நிற்கும் புனித செபஸ்தியாரின் சொரூபம் எம்மதத்துச் சிறுவர்க்கும் பழகிய காட்சியே. அவர் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் படையில் அதிகாரியாக இருந்தவர் என்பது மரபு. அவர் யார், அவரை எய்தவர் யார், எய்தது ஏன் என்று சிறுவன் கேட்கத் தொடங்கினால், அவன் ஒரு பெரிய கதையுலகின் வாயிலுக்கு வந்துவிட்டான் எனலாம்.

அக்கதையுலகத்தை முதலில் விரிவாகக் கட்டியோருள் ஒருவர் ஆங்கில நாட்டுக் கர்தினால் வைஸ்மன். அவர் 1854இல் வெளியிட்ட ‘பபியோலா’ என்னும் நவீனத்தில் செபஸ்தியாரும், ஆக்னஸ் என்னும் இளநங்கையும், தார்சீசியுஸ் என்னும் சிறுவனும் நடமாடுகின்றனர். அமெரிக்கரான லூ வாலஸ் 1880இல் ‘பென்-ஹர்’ என்னும் கதையை எழுதினார். போலந்து நாட்டு ஆசிரியர் சியன்கியேவிச் 1896இல் ‘குவோ வாடிஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். இவை முழுவதும் சிறுவர்க்கென்றே எழுதப்பட்டவையல்ல. ஆயினும் சுருக்கப் பதிப்புகளாகவும் திரைப்படங்களாகவும் உலகெங்கும் இளைஞரைச் சென்றடைந்தன. பின்னர் இளம் வாசகர்க்கென்றே எழுதுவோர் தோன்றினர். எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர் 1961இல் எழுதிய ‘வெண்கல வில்’, ரோமர் ஆட்சியை வெறுத்து மலையில் ஒளிந்து வாழும் கலிலேயா இளைஞன் ஒருவனின் கதை. கரோலின் லாரன்ஸ் 2001 முதல் எழுதிய வரிசையில் கப்பற்றலைவன் மகளும், கிறிஸ்துவை ஏற்ற யூதக் குடும்பத்துச் சிறுவனும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொணரப்பட்ட பெண்ணும், நாவிழந்த பிச்சைக்காரச் சிறுவனும் நண்பராகின்றனர்.

ரோமப் பேரரசைப் பற்றிய கதைகளில் அரசரும் சேனாதிபதிகளும் மிகுந்திருப்பது இயல்பு. ஆனால், ஆதிக் கிறிஸ்தவரைப் பற்றிய கதைகளில் அடிமைகளும் கூலியாட்களும் பெண்களும் நடுவிடம் பெறுகின்றனர். இது கதாசிரியரின் விருப்பம் மாத்திரமன்று. சரித்திரச் சான்றும் அவ்வாறே உள்ளது. கி. பி. 112ஆம் ஆண்டை ஒட்டி, கருங்கடற்கரை மாகாணமொன்றின் ஆளுநராயிருந்த இளைய பிளினி, திராயான் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் செய்வது யாது என்பதை அறிவதற்காகத் தாம் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அதில் அமைதியாகக் குறிப்பிடுகிறார். அவ்விருவரும் தம் சபையிலே திருப்பணிப் பொறுப்பு வகித்தவர்கள் என்றும் சொல்கிறார். அவர்களுடைய பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. எழுத வேண்டுமென்று தோன்றவும் இல்லை போலும்.

கி. பி. 203இல் கார்த்தேஜ் நகரிலே மாண்ட பெலிசித்தாள் என்னும் அடிமைப் பெண்ணின் பெயரோ நிலைத்துவிட்டது. அவளோடு சிறையிருந்த பெர்பெத்துவா என்னும் உயர்குலப் பெண் தன் கையாலே நாட்குறிப்பு எழுதிவைத்தாள். பின்வந்தோர் அதனோடு மற்றச் செய்திகளையும் சேர்த்துப் பாதுகாத்தனர். பெலிசித்தாள் சிறையிலேயே மகவீன்றாள் என்பதும் அதனால் அறியப்படுகிறது. எழுத்தறிந்த ஒருத்தி அருகில் இருந்தமையால் ஓர் அடிமையின் வாழ்வு சரித்திரத்தில் இடம் பெற்றது. அத்தகைய துணை கிடைக்காதவரின் வாழ்வைக் கற்பனையால் மீட்டுத் தருவதே சரித்திரக் கதையின் தலையாய பணி.

ஆனால், கற்பனைக்கும் வரம்புண்டு. பென்-ஹர் சங்கிலியிற் பிணைக்கப்பட்டுப் போர்க்கப்பலிலே துடுப்பு வலிக்கும் காட்சியை 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் கண்டோர் மறப்பதில்லை. உண்மையில், ரோமரின் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தோர் பெரும்பாலும் ஊதியம் பெற்ற சுதந்திர மனிதரே. நிலத்தடிக் கல்லறைகளிலே கிறிஸ்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்தனர் என்பதும் அவ்வாறானதே. அவை இறந்தோரை அடக்கம் செய்வதற்கும் நினைவுகூர்வதற்கும் அமைந்த இடங்கள். துன்புறுத்தலும் இடைவிடாமல் நிகழ்ந்ததன்று. நெடுங்காலம் அது ஊர்தோறும் அவ்வப்போது எழுந்து தணிந்தது. பேரரசு முழுவதையும் தழுவிய ஆணை 250ஆம் ஆண்டை ஒட்டித் தெக்கியுஸ் காலத்திலேதான் பிறந்தது. தியோக்கிளேத்தியன் காலத்துக் கொடுமை 303இல் தொடங்கியது.

தார்சீசியுஸ் கதை இன்னும் நுட்பமானது. நற்கருணையை எடுத்துச் சென்ற வழியில், அதை விட்டுக்கொடுக்க மறுத்து அவர் அடிபட்டு இறந்தார் என்பது நான்காம் நூற்றாண்டுப் பாப்பரசர் தாமாசுஸ் பொறித்த கவிதையால் தெரியவருகிறது. அவர் சிறுவர் என்று அக்கவிதை கூறவில்லை. இன்று பூசைக்கு உதவும் சிறுவர்களின் பாதுகாவலராக அவர் போற்றப்படுவதற்கும், மழலை மாறாத முகத்தோடு சித்திரிக்கப்படுவதற்கும் ‘பபியோலா’ பெருங்காரணமாயிற்று. சரித்திரத்திலிருந்து கதை பிறப்பது போலவே, கதை திரும்பிச் சென்று சரித்திரமாக அமர்ந்துவிடுவதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆகவே, எது சான்றுள்ளது, எது புனைந்தது என்று பிரித்தறியும் பழக்கம் இளம் வாசகர்க்கு வேண்டும். அதனால் கதையின் சுவை குன்றுவதில்லை.

‘குவோ வாடிஸ்’ வெளிவந்த வரலாறும் கருதத்தக்கது. அக்காலத்தில் போலந்து என்னும் நாடே தேசப்படத்தில் இல்லை. ருசியா, பிரஷியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கதாநாயகி லீகியா, ரோமாபுரியில் பிணையாக வைக்கப்பட்ட அயற்குலத்து இளவரசி. அவளுடைய குலத்தார் வாழ்ந்த நிலம் பிற்காலப் போலந்தின் நிலமே. நீரோவின் அரண்மனைக்குள் தம் குலப்பெண் ஒருத்தியை நிறுத்தி, நாடற்ற தம் மக்களுக்கு உலக சரித்திரத்தில் ஓரிடம் தேடித் தந்தார் ஆசிரியர். 1905இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலைநாட்டு இளைஞர்க்கும் அத்தகைய ஓரிடம் உண்டா என்று வினவின், உண்டு என்றே விடை கூறலாம். மூத்த பிளினி தம் நூலில், கிளாடியுஸ் சக்கரவர்த்தியின் காலத்துச் செய்தியாக ஒன்றைத் தருகிறார். செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் பிளொக்காமுஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றால் அலைப்புண்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறைமுகமொன்றை அடைந்தான். ஆறு மாதம் தங்கி மொழி பயின்றான். வெவ்வேறு சக்கரவர்த்திகளின் உருவம் பொறித்தும் எடையில் மாறாத ரோம நாணயங்களைக் கண்டு வியந்த அரசன், தூதர் நால்வரை ரோமாபுரிக்கு அனுப்பினான். பவுல் அடியார் ஊர் ஊராகச் சென்று போதித்த காலமும் ஏறத்தாழ அதுவே. அந்த விடுதலை பெற்றவனின் பெயரைப் பிளினி சொல்லவில்லை. எகிப்தியப் பாலைவனத்துப் பாறையொன்றிலே, பிளொக்காமுசின் ஆளான லீசாஸ் என்பவன் கி. பி. 6ஆம் ஆண்டில் தன் பெயரைப் பொறித்துச் சென்றிருக்கிறான். இருவரும் ஒருவரே என்று துணிவதற்கில்லை. ஆயினும் கதை எழுத விழைவோர்க்கு அந்த ஒரு பாறை போதும்.

பிற்கால ரோமரின் சிறு செப்பு நாணயங்கள் இத்தீவில் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ், பாரசீகக் கிறிஸ்தவரின் சபையொன்று இலங்கையில் இருந்ததாகக் குறிக்கிறார். அநுராதபுரத்தில் 1912இல் கண்டெடுத்த கற்சிலுவை அச்செய்திக்கு வலுவூட்டுகிறது. அக்காலக் கப்பல்கள் நாடி வந்த பெருந்துறைகளுள் ஒன்று மன்னார்ப் பகுதியிலுள்ள மாதோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கரையிறங்கியதும் அம்மன்னார்க் கரையிலேதான். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்து மலையேறினர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்கள் பெயரையும் எவரும் எழுதி வைத்தாரில்லை.

பவுல் அடியாரைச் சவுக்கால் அடிக்க முற்பட்டபோது, தாம் ரோமக் குடிமகன் என்று அவர் தெரிவித்ததும் படைத்தலைவன் அஞ்சிப் பின்வாங்கினான் என்றும், பெரும்பொருள் கொடுத்தே தான் அவ்வுரிமையைப் பெற்றதாகக் கூறினான் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. குடியுரிமை என்ற ஒரு சொல்லுக்கு அத்துணை ஆற்றல் இருந்ததைப் பிற நாட்டுச் சிறுவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பல்லாண்டுகள் கழித்து 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே, இக்கதைகளைச் சமயப் பிரசாரமாகவோ பொழுதுபோக்காகவோ மாத்திரம் கருதிவிடாமல், கொத்மலை ஆசிரியர்கள் அவற்றை மாணாக்கர்க்கு வாசித்துக் காட்டலாம். மெய்யும் புனைவும் எவையெனப் பிரித்துக் காணச் செய்யலாம். மாதோட்டத் துறையையோ மன்னார் வழியையோ நிலைக்களனாகக் கொண்டு அவர்களையே எழுதத் தூண்டலாம். தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு நாள் வேலைக் கணக்கு என்பது பொருள். கொழுந்து குறைந்த நாளில் கிடைப்பது ‘அரைப்பேர்’. பிளினியின் கடிதத்திலுள்ள அவ்விரு பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு முழுப்பேர் போடும் கதையை எழுதுவதற்கு, அச்சொல்லின் அருமை அறிந்த மலைநாட்டுப் பிள்ளைகளைவிடத் தகுதியுடையோர் வேறு யாவர்?