"அம்மா, அந்தக் குழந்தை பிழைச்சிருக்குமா?"

2025-ம் வருடம் மகளின் பிரசவத்துக்காக ஸ்காட்லாந்து போயிருந்தேன். அபர்டீன் என்ற கடற்கரை ஊர். கோடையிலும் காற்று எலும்பு வரை குத்தும். ரசப்பொடி, பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி என்று பெட்டியை நிரப்பிக் கொண்டு போனவள், திரும்பும்போது ஒரு நாவல் பைத்தியமாகத் திரும்பினேன் என்றால் நம்புவீர்களா?

எல்லாம் என் மகளால் வந்தது. ஏழாவது மாதம் அவளுக்கு. இரவில் தூக்கம் வராது. தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்துக் கொண்டு படித்துக் கொண்டே இருப்பாள். 'அவுட்லேண்டர்' என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா கபல்டோன் எழுதியது. 1991-ல் முதல் புத்தகம் வந்தது, 2021-ல் ஒன்பதாவது. 2014 முதல் டி.வி. தொடராகவும் வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் புத்தகத்தை எழுத ஆரம்பித்தபோது அந்த அம்மாள் ஸ்காட்லாந்தைப் பார்த்ததே இல்லை!

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். கிளேர் இரண்டாவது உலக யுத்தத்தில் நர்ஸாக இருந்தவள். யுத்தம் முடிந்ததும் கணவன் ஃப்ராங்க்குடன் இன்வர்னஸ் நகரத்துக்கு வருகிறாள். அங்கே வட்டமாக நிற்கும் பழங்காலக் கற்களில் ஒன்றைத் தொட்டதும், இருநூறு வருடம் பின்னால் போய் 1743-ல் விழுகிறாள். அந்தக் காலத்து ஆங்கிலேயத் தளபதி ஒருவனிடமிருந்து தப்புவதற்காக, ஜேமி என்ற மலைநாட்டு இளைஞனை மணக்க வேண்டியதாகிறது. முதலில் கட்டாயம், பிறகு காதல்.

இதைப் படித்த பெண்கள் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள். கடையில், ரயிலில், மருத்துவமனை வரிசையில்கூட! நானும் கேட்க ஆரம்பித்து விட்டேன். சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜன்னலுக்குக் கீழே நின்றது யார்?

முதல் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, கிளேர் இருக்கும் ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி மழையில் ஒருவன் நிற்பதை ஃப்ராங்க் பார்க்கிறான். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். அது ஜேமியின் ஆவிதான் என்று ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். எப்படி வந்தது என்பதைக் கடைசிப் புத்தகத்தில்தான் சொல்வாராம். கெட்டிக்காரி!

இரண்டு கணவன் சரியா?

எனக்கும் முதலில் முகம் சுளித்தது. "அம்மா, 1743-ல ஃப்ராங்க் இன்னும் பிறக்கவே இல்லையே!" என்றாள் மகள். இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்து விட்டேன். ஆனால் என் மனசில் நின்றவர் ஃப்ராங்க்தான். வயிற்றில் ஜேமியின் குழந்தையோடு 1948-ல் கிளேர் திரும்பி வருகிறாள். அந்தப் பெண் குழந்தையைத் தன் மகளாகவே கடைசிவரை வளர்த்தவர் அவர். பெற்றவருக்கு உள்ள மதிப்பு வளர்த்தவருக்கு இல்லையா, சொல்லுங்கள்?

கையில் இருந்த தழும்பு என்ன?

கைலிஸ் என்று ஒரு பெண் வருவாள். இருவரையும் சூனியக்காரிகள் என்று விசாரிக்கும்போது, அவள் கையில் ஒரு தழும்பைக் கிளேர் பார்க்கிறாள். பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு! எட்வர்ட் ஜென்னர் அந்தத் தடுப்பு முறையைச் செய்து பார்த்ததே 1796-ல்தான். அப்படியானால் இவளும் பின்னால் வரும் காலத்திலிருந்து வந்தவள்தானே?

படித்ததும் என் புடவைத் தலைப்பை விலக்கி என் கையைப் பார்த்தேன். எனக்கும் அதே தழும்பு இருக்கிறது. என் மகளுக்கு அது இல்லை. 1980-ல் உலகத்தை விட்டே பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்து விட்டார்களே!

எதற்கெடுத்தாலும் கை கழுவுகிறாளே, ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை அபர்டீனிலேயே இருந்தது. 1789 முதல் 1792 வரை அந்த ஊரில் பிரசவமான பெண்கள் ஜுரம் கண்டு இறந்தார்கள். அலெக்ஸாண்டர் கார்டன் என்ற டாக்டர் யார் யாருக்கு யார் பிரசவம் பார்த்தது என்று எழுதி வைத்துப் பார்த்தார். மருத்துவச்சிகளும் டாக்டர்களுமே நோயை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள் என்று கண்டுபிடித்தார். தானும் அதைச் செய்திருப்பதாக 1795-ல் புத்தகத்தில் எழுதினார். ஊரே அவர்மேல் கோபப்பட்டது. அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்னது அதற்கும் பிறகு, 1847-ல்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்களைக் கை கழுவச் சொல்லக் கூச்சப்படும் இளம் தாய்மார்களே, இந்த டாக்டரை நினைத்துக் கொண்டு தைரியமாகச் சொல்லுங்கள்.

அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இரண்டாவது புத்தகத்தில், 1744-ல் பாரிஸ் நகரில் கிளேருக்கு முதல் குழந்தை இறந்தே பிறக்கிறது. பெண் குழந்தை. அங்கிருந்த கன்னிகாஸ்திரீ அதற்கு ஃபெய்த் என்று பெயர் வைத்து அடக்கம் செய்கிறார். கிளேரும் ஜுரத்தில் பிழைத்ததே பெரிது. நாவலில் அதோடு சரி. ஆனால் 2025 ஜனவரியில் வந்த ஏழாம் பாகத்தின் கடைசிப் பகுதியில், 'அந்தக் குழந்தை உயிரோடு இருந்திருக்குமோ?' என்று கிளேர் சந்தேகப்படுவது போல டி.வி.யில் காட்டி விட்டார்கள். பெண்கள் விடுவார்களா? எங்கும் இதே பேச்சு.

அன்று இரவு மகளும் கேட்டாள்.

"அம்மா, நிஜமாவே பிழைச்சிருக்குமா?"

"புத்தகத்துல இல்லடி கண்ணு."

"பின்னே, இத்தனை வருஷம் கழிச்சுக் கிளேர் ஏன் நம்பணும்? குழந்தையைக் கையை விட்டு இறக்காம வச்சிருந்தாளே!"

"அவளாவது பார்த்தா. நான் அதுகூடப் பார்க்கலையே..."

வாய் தவறி வந்து விட்டது. கர்ப்பிணியிடம் பேசுகிற பேச்சா இது? நாக்கைக் கடித்துக் கொண்டேன். ஆனால் அவள் விடவில்லை.

சொன்னேன். 1988-ல் எனக்கு எட்டாவது மாதம். ஒருநாள் காலையிலிருந்து அசைவு குறைந்தது போலிருந்தது. "குழந்தை தூங்கும், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். நானும் காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போய் விட்டார்கள். பெண் குழந்தை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. "சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோ, சரியாயிடும்" என்றார்கள். அதன் பிறகு பிறந்த இவளை ஊரே 'மூத்தவள்' என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வெகு நேரம் அவள் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டு, "அக்காவை எங்கே புதைச்சாங்க?" என்றாள்.

அக்கா! அந்த வார்த்தையை என் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"தெரியாது. உங்க அப்பாதான் கொண்டு போனார். அவர் சொல்லலை. நானும் கேட்கலை."

அவள் போனை எடுத்து விட்டாள். நம் ஊரில் அப்போது விடியற்காலை. பதறிப் போய் எடுத்த அவரிடம் நேராகவே கேட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார். ஏரிக்கரையில் வேப்பமரத்தடி. மழை தூறிக் கொண்டிருந்ததாம். குழந்தைக்குத் தலை நிறைய முடியாம். முப்பத்தேழு வருடம் இதை மனசில் வைத்துக் கொண்டு இந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்!

மறுவாரம் மிட்வைஃபிடம் மகள் இதைச் சொன்னாள். 'பழைய கதை எதற்கு?' என்று அந்தப் பெண் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டு, குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா என்று கேட்டாள். அங்கே இப்படி இறந்து பிறந்தாலும் தாய் விரும்பினால் கையில் கொடுப்பார்களாம். போட்டோ, கால் சுவடு எல்லாம் எடுத்துத் தருவார்களாம். பிறகு மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "வழக்கமான அசைவு குறைந்தால் உடனே போன் செய். ராத்திரி என்றாலும் சரி. மறுநாள்வரை காத்திருக்காதே."

எட்டாவது மாதத்தில் ஒரு இரவு பத்து மணிக்கு, "அம்மா, இன்னிக்கு அசைவு கம்மியா இருக்கு" என்றாள். என் வயிறு கலங்கியது. ஆனால் இந்தத் தடவை நாங்கள் காத்திருக்கவில்லை. மருத்துவமனையில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. வீண் அலைச்சல் என்று யாரும் கோபிக்கவில்லை. மறுபடி தோன்றினாலும் வரச் சொல்லி அனுப்பினார்கள். ஜூலையில் பேரன் பிறந்தான்.

வருவதற்கு முன் இன்வர்னஸ் பக்கத்திலுள்ள கல்லோடன் போர்க்களத்தைப் பார்த்தேன். 1746 ஏப்ரல் 16-ல் ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 1500 பேர் இறந்த இடம். ஃப்ரேசர் குலத்தார் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்கிறது. ஜேமியும் ஃப்ரேசர்தான் என்பதால் அவன் பெயரைச் சொல்லிப் பெண்கள் அங்கே பூ வைக்கிறார்கள். இல்லாத ஒருவனுக்குப் பூவா என்று முன்பு நான் சிரித்திருப்பேன். ஆனால் அந்த மண்ணுக்குக் கீழே இருப்பவர்கள் நிஜமானவர்கள். பூ வைக்கிறவள் மனசில் யார் இருக்கிறார்கள் என்று நமக்கென்ன தெரியும்?

உங்கள் வீட்டிலும் அம்மாவோ, மாமியாரோ சீரியலில் வரும் ஒருத்தியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டால் அலட்சியப்படுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் கேட்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஊர் திரும்பியதும் நானும் அவரும் ஏரிக்கரைக்குப் போனோம். வேப்பமரம் இன்னும் இருக்கிறது.